மாற்று ஆள்

பெரியவருக்குத் தெரியாமல் மாற்று ஆள் வைத்தது சரிதான் என்றே இன்றும் சொல்வேன். சரியென்றால் ஏன் அதையே பேசிக்கொண்டிருக்கிறீர்கள் என்று வீட்டில் கேட்கிறார்கள்.

படப்பிடிப்பின்போதே குரலையும் பதிவு செய்யும் லைவ் சவுண்டில் எடுத்த தொடர் அது. வழக்கமான சீரியல் என்றால் உதவி இயக்குநர் கேமராவுக்குப் பக்கத்தில் நின்று வசனத்தை உரக்கப் படிப்பார். நடிகர் காதில் வாங்கிச் சொல்லிவிடுவார். மிச்சத்தை டப்பிங் பார்த்துக்கொள்ளும். இங்கே அந்த வழி இல்லை. பெரியவரோ நாடக மேடையில் ஊர் ஊராகச் சிரிக்கவைத்தவர், எழுபதைத் தாண்டியவர். அவருக்குக் கொடுத்தது சிரிப்பே இல்லாத தாத்தா வேடம். நீளமான வசனத்தில் பாதி வழியில் நின்றுவிடுவார். இயக்குநர் என்னைத் தனியே அழைத்து, இன்னொருவரைத் தயாராக வைக்கச் சொன்னார். வைத்தேன். அந்த மாற்று ஆளுக்குப் பேருக்கு ஒரு சின்ன வேடத்தைக் கொடுத்து, தாத்தாவின் வசனம் முழுவதையும் கையில் கொடுத்து, கூட்டத்தோடு கூட்டமாக உட்காரவைத்தேன். வாடகை வீடு, ஜெனரேட்டர், அத்தனை பேரின் பேட்டா எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போது இணை இயக்குநர் வேறென்ன செய்வார்?

உடை அறையில் ஒரு காலை. ஹேங்கரில் தாத்தாவின் ஜிப்பா இரண்டு தொங்கின. பெரியவர் ஒன்றை எடுத்து மார்பின் மேல் வைத்துப் பார்த்தார். தையல் அவர் தோளைத் தாண்டி வெளியே நின்றது.

"இது எனக்குப் பெரிதாக இருக்கிறதே, தம்பி."

"கன்டினியூட்டிக்காக இரண்டு செட் வைத்திருக்கிறோம், ஐயா."

"நல்லது," என்று ஜிப்பாவைத் திரும்ப மாட்டினார். "டீ வந்துவிட்டதா?"

காட்சிக்குக் காட்சி உடை மாறாமல் இருக்க இரண்டு செட் வைப்பது வழக்கம்தான், நான் சொன்னதில் பொய் இல்லை. இரண்டும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்பதும் வழக்கம்தான். அரை நூற்றாண்டு வேடம் கட்டியவருக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அமெரிக்க நகைச்சுவை நடிகர் எட் வின்னின் கதையைப் படப்பிடிப்பு முடிந்த பிறகுதான் படித்தேன். பிலடெல்பியாவில் 1886-இல் பிறந்தவர். வீட்டில் தொப்பி வியாபாரம். பிற்காலத்தில் மேடையில் அவர் தலையில் ஏறாத கோமாளித் தொப்பி இல்லை. பதின்வயதிலேயே வாடவிலுக்கு ஓடிவிட்டார். பாட்டு, ஆட்டம், வித்தை, நகைச்சுவை என்று ஒன்றன் பின் ஒன்றாக வந்துபோகும் அமெரிக்க மேடை அது. கிடைத்த சில நிமிடங்களில் சிரிக்கவைக்காவிட்டால் அடுத்த ஊரில் வேலை இல்லை. 1914-இல் சீக்ஃபெல்ட் ஃபாலீஸ் என்ற பெரிய ஆடல்பாடல் மேடை நிகழ்ச்சி. 1921-இல் 'தி பெர்ஃபெக்ட் ஃபூல்' என்ற மேடை நிகழ்ச்சி, அந்தப் பட்டம் கடைசிவரை ஒட்டிக்கொண்டது. 1932-இல் வானொலிக்குப் போனார். யாரும் முகத்தைப் பார்க்கப் போவதில்லை. ஆனாலும் வேடமும் ஒப்பனையுமாக, ஸ்டுடியோவில் ஆட்களை உட்காரவைத்து, அவர்கள் சிரிப்பைக் கேட்டபடிதான் பேசினார்.

இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவைத்தேன். லைவ் சவுண்டில் டேக் ஓடும்போது யாரும் சிரிக்கக்கூடாது. பெரியவர் ஒத்திகையில் ஏதாவது செய்தால் பூம் மைக் பிடிக்கும் பையன் துண்டைக் கடித்துக்கொள்வான். பெரியவர் ஒரு வரியைச் சொல்லிவிட்டு அரை நொடி நிற்பார், கண் வலப்பக்கம் போகும், முன்வரிசை இருக்க வேண்டிய திசைக்கு. அங்கே ஒரு லைட் ஸ்டாண்டும் மணல் மூட்டையும் இருந்தன. அடுத்த வரி அதற்குப் பிறகுதான் காணாமல் போகும். அதை மறதி என்று எழுதிக்கொண்டது நாங்கள்.

1950-களில் வின்னுக்கு வேலை வற்றியது. குணச்சித்திர நடிகராகக் காலூன்றிவிட்ட மகன் கீனன்தான் தந்தையைத் தீவிரமான வேடங்களுக்குத் தள்ளினார். 1956 அக்டோபர் 11 அன்று, 'பிளேஹவுஸ் 90' தொடரில், ராட் சர்லிங் எழுதிய 'ரெக்வியம் ஃபார் எ ஹெவிவெயிட்' என்ற தொலைக்காட்சி நாடகம். ஜாக் பேலன்ஸ் ஓய்ந்துபோன குத்துச்சண்டைக்காரர், கீனன் அவருடைய மேனேஜர், 69 வயது வின் பயிற்சியாளர். ஒன்றரை மணி நேரம், நேரடி ஒளிபரப்பு, தவறினால் நாடே பார்க்கும். ஒத்திகையில் வரிகள் தவறின, பழைய கோமாளிச் சேட்டை எட்டிப்பார்த்தது. அவரை மாற்றிவிடலாம் என்று பேச்சு எழுந்தது. சிறு வேடத்தில் இருந்த நெட் கிளாஸ் என்ற நடிகர் வின்னின் பகுதியையும் படித்துத் தயாராக இருந்தார். வின்னுக்கு அது அப்போது தெரியாது.

ஒளிபரப்பில் வின் தாக்குப்பிடித்தார். 1959-இல் வந்த 'தி டயரி ஆஃப் ஆன் ஃபிராங்க்' படத்துக்காக ஆஸ்கர் பரிந்துரை. 1964-இல் 'மேரி பாப்பின்ஸ்' படத்தில் சிரித்துச் சிரித்தே கூரைவரை மிதக்கும் மாமா. ஆகவே எல்லோரும் இதை நம்பிக்கை வென்ற கதையாகச் சொல்கிறார்கள். அன்றிரவு அவர் தடுமாறியிருந்தால் இதே ஆட்கள் நெட் கிளாஸை வைத்தவரின் முன்யோசனையைப் புகழ்ந்திருப்பார்கள். நடந்து முடிந்ததை வைத்து நியாயம் பேசுவது எளிது.

எனக்கு வியப்பு தந்தது 1960-இல் நடந்தது. இயக்குநர் ரால்ஃப் நெல்சன் அந்த ஒத்திகைக் கூத்தையே 'தி மேன் இன் தி ஃபன்னி சூட்' என்று தொலைக்காட்சிக்கு எடுத்தார். தந்தையும் மகனும் சர்லிங்கும் அவரவராகவே நடித்தார்கள். தன்னை நம்பாத நாட்களை வின் தன் முகத்தாலேயே நடித்துக் காட்டினார். பெரியவரிடம் அப்படிக் கேட்கும் துணிவு எனக்கு இல்லை. ஒருவேளை சிரித்துக்கொண்டே ஒப்புக்கொள்வார். அந்தச் சிரிப்பை என்ன செய்வது?

எங்கள் பெரியவரும் கரையேறினார். அந்த நீண்ட வசனத்தின் நடுவே வழக்கமான அரை நொடி நின்றார். இந்த முறை கண் வலப்பக்கம் போகவில்லை, தரைக்குப் போனது. முதல் டேக் ஓகே. இயக்குநர் எழுந்து கைதட்டினார். ஜிப்பாவைப் பார்த்த ரோஷத்தில் அப்படி நடித்தாரா, எப்படியும் நடித்திருப்பாரா என்று யாரைக் கேட்பது? ரோஷம்தான் என்றால் மாற்று ஆள் வைத்ததற்கு எனக்கே ஒரு மாலை போட்டுக்கொள்ளலாம். அந்தக் கணக்கு எனக்கே பிடிக்கவில்லை.

இத்தனை நாள் பெரியவரைப் பற்றியே கவலைப்பட்டிருக்கிறேன். நெட் கிளாஸைப் பற்றிப் படித்த பிறகு மனம் வேறு பக்கம் திரும்பிவிட்டது. அவரும் வாடவிலில் தொடங்கியவர்தான். பின்னால் 'வெஸ்ட் சைட் ஸ்டோரி'யில் மருந்துக்கடைக்காரர், 'ஷராட்' படத்தில் தும்மிக்கொண்டே வரும் திருடர் என்று வேடங்கள் கிடைத்தன. ஆனால் அன்றிரவு, படித்த வரிகளை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு, இன்னொருவர் அவற்றைச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தார்.

எங்கள் மாற்று ஆளுக்கு நான்தான் பேட்டா கொடுத்தேன். உறையைப் பையில் வைத்துவிட்டு, "சார், அந்த வசனத்தை ஒருமுறை சொல்லிக் காட்டட்டுமா? முழுக்க மனப்பாடம்," என்றார். பேக்கப் சொல்லியாகிவிட்டது, லைட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள், வீட்டுச் சாவியை நான் ஒப்படைக்க வேண்டியிருந்தது. அடுத்த முறை என்றேன். சரி சார் என்று போய்விட்டார். ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். ஐந்து நிமிடம் இருந்ததா என்றால், உண்மையிலேயே இல்லை.

இப்போது அடுத்த தொடருக்கு ஆள் பார்க்கிறோம். மளிகைக்கடைக்காரர் வேடத்துக்கு அவர் பெயரைச் சொன்னேன். "யார் அவர்? என்ன செய்திருக்கிறார்?" என்றார் அதே இயக்குநர். போட்டுக் காட்ட ஒரு டேக்கூட என்னிடம் இல்லை.