எத்தனை கிலோ என்று கேளுங்கள்: காலில் ராடு வைத்த பிறகு நான் பட்ட பாடு

வலது கீழ்க்கால் எலும்பு நடுவில் முறிந்தது. உள்ளே டைட்டானியம் ராடு வைத்து, மேலே இரண்டு கீழே இரண்டு என நான்கு ஸ்க்ரூ போட்டார்கள். ஆபரேஷன் நன்றாக நடந்தது, புண் ஆறியது, தையல் பிரித்தார்கள். என்னை ஏழரை மாதம் அலைக்கழித்தது டிஸ்சார்ஜ் சம்மரியில் இருந்த ஒரு வரி.

"கால் ஊன்றுவது: அறிவுறுத்தியபடி."

யார் அறிவுறுத்தினார்கள்? வார்டில் நர்ஸ் "ஊனிடாதீங்க" என்றார். அது முதல் சில நாளுக்கா, மாதக்கணக்குக்கா என்று நான் கேட்கவில்லை. ஆறாவது வார ரிவ்யூவில் ஆபரேஷன் செய்த டாக்டர் இல்லை. இருந்தவர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "அப்படியே கண்டினியூ பண்ணுங்க" என்றார். வாக்கரைப் பிடித்து ஒற்றைக் காலில் தாவிக்கொண்டிருந்தேன், அதையே தொடர்ந்தேன். 14 வாரம் அந்தக் கால் தரையில் படவில்லை. எலும்பைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறேன் என்று முழுதாக நம்பினேன்.

14-வது வார எக்ஸ்ரேயில் முறிவுக் கோடு அப்படியே இருந்தது. அதைச் சுற்றி மேகம்போல் படர வேண்டிய புது எலும்பு, டாக்டர்கள் கேலஸ் என்பார்களே, அது கிட்டத்தட்ட இல்லை. பிசியோதெரபிஸ்ட் டேப்பால் அளந்தார். கெண்டைக்கால் மற்றதைவிட 3 செ.மீ. மெலிந்திருந்தது. "இத்தனை நாள் ஏன் ஊன்றவே இல்லை?" என்று அவர் கேட்டபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அவர் சொல்லித்தான் வேறொரு எலும்பு டாக்டரிடம் போனேன். அவர் பேப்பரில் படம் போட்டு விளக்கியதை இன்னும் வைத்திருக்கிறேன். முறிந்த இரண்டு முனைகளுக்கும் நடுவே இடைவெளி 2 மி.மீ. என்று வையுங்கள். அடி வைக்கும்போது முனைகள் 0.1 மி.மீ. நெருங்கி விலகினால் அது 5 சதவீத அசைவு. ஏறக்குறைய 2 முதல் 10 சதவீதம் வரை இருந்தால் கேலஸ் வளரும். அதற்கு மேல் போனால் எலும்புக்குப் பதில் நார்த்திசு வந்து உட்கார்ந்துவிடும். அசைவே இல்லாமல் இடைவெளியும் இருந்தால், கேலஸைத் தூண்ட அங்கே ஒன்றுமில்லை. இது ஸ்டீபன் பெரன் என்ற ஸ்விஸ் மருத்துவர் வகுத்த கணக்காம். வீட்டுக்கு வந்து நானும் தேடிப் படித்தேன். 1985-ல் குட்ஷிப், கென்ரைட் என்ற இருவர் செம்மறியாடுகளின் கீழ்க்கால் எலும்பில் சோதித்திருக்கிறார்கள். தினமும் கொஞ்ச நேரம் மட்டும் மிகச் சிறிய அசைவு கொடுத்த கால்கள், அசையாமல் இறுக்கிப் பிடித்த கால்களைவிட நன்றாகக் கூடின. அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

என் காலில் இரண்டு பிழையும் சேர்ந்திருந்தன. நான் காலில் எடை போடவில்லை. போட்டிருந்தாலும் நான்கு ஸ்க்ரூவும் அந்த இடைவெளியை மூடவிடாமல் பிடித்துக்கொண்டிருந்தன. டைட்டானியத்தின் விறைப்பு எலும்பைப்போல் ஐந்தாறு மடங்கு, சுமையின் பெரும்பங்கை அதுவே வாங்கிக்கொள்ளும். ஆனால் எலும்பு கூடாமல் வருடக்கணக்கில் அது மட்டுமே சுமந்தால், கம்பியை வளைத்து வளைத்து ஒடிப்பதுபோல ராடும் ஒருநாள் ஒடியும் என்றார். எலும்பு முந்துகிறதா, உலோகம் களைக்கிறதா என்பதுதான் போட்டி.

இடைவெளியை மூட ஒரு வழி சொன்னார்: மேலே உள்ள இரண்டு ஸ்க்ரூவில் ஒன்று ராடின் நீள்வட்டத் துளையில் இருந்தால், வட்டத் துளையில் உள்ள மற்றதை மட்டும் எடுத்துவிடலாம். எடை போடும்போது முனைகள் சறுக்கி நெருங்கும். "ஆபரேஷன் குறிப்பு எங்கே? எந்த ராடு, எந்த ஸ்க்ரூ என்று தெரியாமல் நான் கத்தி வைக்க மாட்டேன்" என்றார். ஸ்க்ரூவின் தலை ஒவ்வொரு தயாரிப்புக்கும் ஒரு மாதிரி. சரியான ஸ்க்ரூடிரைவர் இல்லாமல் தொட்டால் தலை தேய்ந்து, வெளியே எடுக்க முடியாமல் போகும். என்னிடம் இருந்த சம்மரியிலோ ராடு வைத்ததாக ஒரு வரி. அவ்வளவுதான்.

பழைய மருத்துவமனையின் ரெக்கார்டு பிரிவுக்கு மூன்று தடவை போனேன். முதல் தடவை தம்பியை அனுப்பினேன், "பேஷன்ட் நேரில் வரணும்" என்றார்கள். அடுத்து வாக்கரோடு நானே போய் வரிசையில் நின்றேன். கவுன்டரில் இருந்தவர் அதே டிஸ்சார்ஜ் சம்மரியின் நகலை எடுத்து நீட்டினார். "இது இல்லைங்க, தியேட்டர் ஷீட், ஆபரேஷன் குறிப்பு" என்றேன். "எல்லாம் இதுலயே இருக்கும்" என்று ஜன்னலை மூடிவிட்டார். வாசல்வரை வந்து உட்கார்ந்துவிட்டேன், கால் வலியைவிட அந்த மூடின ஜன்னல்தான் வலித்தது. மூன்றாவது தடவை, புது டாக்டர் எழுதிக்கொடுத்த கடிதத்தோடு போனேன். அதில் "இம்ப்ளான்ட் ஸ்டிக்கர் ஒட்டிய தாள்" என்றே எழுதியிருந்தார். அந்தச் சொல்லைப் பார்த்ததும் உள்ளே இருந்த ஓர் அம்மா எழுந்துபோய் பத்து நிமிடத்தில் கொண்டுவந்துவிட்டார். ராடு 9 மி.மீ. தடிமன், 320 மி.மீ. நீளம், ஸ்க்ரூக்களின் அளவு, தயாரிப்பு எண், எல்லாம் வரிசையாக ஒட்டியிருந்தது. நீள்வட்டத் துளையில் ஒரு ஸ்க்ரூ என்று கையால் எழுதியிருந்தது. அங்கேயே போனில் படம் எடுத்துக்கொண்டேன். உங்கள் உடம்பில் உலோகம் வைத்திருந்தால் டிஸ்சார்ஜ் அன்றே இந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள்.

18-வது வாரம் அந்த ஒரு ஸ்க்ரூவை எடுத்தார்கள். சின்னக் கீறல், மறுநாள் வீடு.

அப்புறம் எடை. இந்தத் தடவை நான் விடவில்லை: "எத்தனை கிலோ? எத்தனை நாளைக்கு?" எழுதியே கொடுத்தார்: முதல் இரண்டு வாரம் 20 கிலோ, பிறகு வலி பார்த்து முழு எடை, வாக்கர் கூடவே. எடை பார்க்கும் மெஷினில் வலது காலை வைத்து, முள் 20-ல் நிற்கும்வரை அழுத்திப் பழகினேன். நின்று அழுத்துவது வேறு, நடக்கும்போது தெரியாமலேயே கூடப் போட்டுவிடுவோம் என்று பிசியோ எச்சரித்தார். அதனால் தினமும் காலையில் மெஷினில் வலது காலை வைத்து அந்த அழுத்தம் எப்படி இருக்கும் என்று காலுக்கு ஞாபகப்படுத்திவிட்டுத்தான் நடப்பேன்.

இதைப் படித்துவிட்டு நீங்களாக ஊன்றிவிடாதீர்கள். பிளேட் வைத்தவர்கள், மூட்டுக்குள் முறிவு போனவர்கள், எலும்பு நொறுங்கியவர்கள், எல்லோருக்கும் கணக்கு வேறு. ஸ்க்ரூவைச் சுற்றியுள்ள எலும்பும் அளவுக்கு மீறி ஆடினால் உலோகத்தைப் பிடிக்காது, நடுவே நார் படர்ந்து ஸ்க்ரூ தளரும். நாள் போகப் போக வலி கூடினால் நிறுத்திவிட்டு டாக்டரிடம் ஓடுங்கள். எக்ஸ்ரே நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என இரண்டும் எடுக்கச் சொல்லுங்கள். பழையதையும் கையோடு கொண்டுபோங்கள், பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் வளர்ச்சி தெரியும்.

24-வது வாரம் அந்த மேகம் வந்திருந்தது. மங்கலாக, கோட்டின் இரு பக்கமும். 32-வது வாரம் இரண்டு படங்களிலும் தெரியும் நான்கு ஓரங்களில் மூன்றில் எலும்பு பாலம் கட்டிவிட்டது. டாக்டர் பேனாவை எடுத்ததும், என்ன எழுதப் போகிறார் என்று எட்டிப் பார்த்தேன். "முழு எடை, வாக்கர் வேண்டாம்" என்று எழுதி, தேதியும் போட்டார்.