ஒரு வட்டம், ரெண்டு ரக்: 2023 ஃபூட்டி நாட்குறிப்பு

மார்ச் 25, சனி

நேற்றிரவு பிறிஸ்பன் கபா மைதானத்தில் ஃபூட்டி (ஒஸ்ட்ரேலியக் கால்பந்து) ஆட்டத்தின் நடுவே லைட் போய்விட்டது. கடைசிக் குவாட்டரில் அரை மணித்தியாலத்துக்கு மேல் ஆட்டம் நின்றது. திரும்ப வந்து எங்கள் மெல்பேர்ண் 11 புள்ளியால் தோற்றது. அதுகூடப் பரவாயில்லை. கப்டன் மக்ஸ் கோன் முழங்காலில் அடிபட்டு வெளியே போய்விட்டார். இன்னும் எத்தனை கிழமையோ.

காலமை எட்டு மணிக்கே அத்தான் போன் எடுத்தார். "பார்த்தனியே? இதுக்குத்தான் ரெண்டு பேர் வேணும் எண்டு சொன்னனான்."

விசயம் இதுதான். ரக் என்றால் நடு வட்டத்தில் எழும்பிப் பந்தைத் தன் ஆட்களிடம் தட்டிவிடும் உயரமான ஆள். எங்கள் முதல் ரக் கோன். போன சீசன் முடிய இரண்டாம் ரக் லூக் ஜக்சன் சொந்த ஊர்ப் பக்கம், ஃபிறிமான்டிலுக்குப் போய்விட்டார். அந்த இடத்துக்குக் கொலிங்வூட்டில் இருந்து புரோடி கிரண்டியை எடுத்தார்கள். 2018, 2019 இரண்டு வருடமும், அந்தந்த வருடத்தின் சிறந்த ஆட்டக்காரரைத் தெரிந்தெடுக்கும் ஓல்-ஒஸ்ட்ரேலியன் அணியில் கோனும் கிரண்டியும் சேர்ந்தே இருந்தவர்கள். அதாவது நாட்டின் முதல் ரக்கும் இரண்டாம் ரக்கும் இப்போது ஒரே கிளப்பில். 2020இல் கிரண்டிக்கு ஏழு வருட ஒப்பந்தம் எழுதிய கொலிங்வூட், சம்பளத்தில் ஒரு பங்கைத் தானே கட்டுவதாக ஒத்துக்கொண்டு விட்டுக் கொடுத்தது. மச்சான் கொலிங்வூட் ஆள், அவனுக்கு இது ஒரே சிரிப்பு.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் அத்தானைப் போல நிம்மதியும் இல்லை.

ஏப்ரல் 3, திங்கள்

நேற்று மெல்பேர்ணில் எம்சிஜி மைதானத்தில் சிட்னியை நல்லாக வெளுத்துவிட்டார்கள். கிரண்டி தனி ரக். நடுவர் பந்தை நிலத்தில் அடித்து எழுப்பும்போது வட்டத்தின் விளிம்பில் இருந்து மூன்று நாலு அடி ஓடிவந்து, ஒரு முழங்காலை எதிராளியின் இடுப்புக்கு மேலே தூக்கி, கையை நீட்டுகிறார். பந்து விழும் இடத்தில் எங்கள் மிட்ஃபீல்டர், அதாவது நடுக்கள ஓட்டக்காரர், பெட்ராக்காவோ வைனியோ ஏற்கனவே ஓட்டத்தில் இருக்கிறார். அது சரியாக விழுந்தால் ஐந்து செக்கனில் பந்து ஃபோவேர்ட் (கோல் அடிக்கும் முன் வரிசை) பக்கம்.

சரியாக விழுந்தால் என்பதுதான் முக்கியம். ரக் எத்தனை தரம் பந்தைத் தட்டினார் என்ற ஹிட்-அவுட் கணக்கை ரிவியில் பெரிதாகப் போடுவார்கள். அதில் முக்கால்வாசி யார் கைக்கும் நேரே போகாத தட்டு. நான் அந்தக் கணக்கை நம்புகிறதே இல்லை. கிரண்டியிடம் எனக்குப் பிடித்தது வேறு. தட்டிய பிறகு நிற்காமல் தானே ஓடிப்போய்ப் பந்தை எடுக்கிறார். 203 சென்ரிமீற்றர் உயரத்தில் ஒரு மிட்ஃபீல்டர். நாள் முழுக்க வட்டத்தில் நின்றால்தான் இந்த மனிதருக்கு ஆட்டம் வரும் போலிருக்கிறது. கோன் திரும்பி வந்த பிறகு?

மே 28, ஞாயிறு

ஃபிறிமான்டிலிடம் 7 புள்ளியால் தோல்வி. அதுவும் எம்சிஜியில், அதுவும் ஜக்சன் மற்றப் பக்கம் நிற்க. அத்தான் வீட்டில் சாப்பாடு. சோறு போட முன்னமே சண்டை தொடங்கிவிட்டது.

அத்தானின் வாதம் சுருக்கமானது: 2021இல் கோன், ஜக்சன் என்று இரண்டு ரக்கோடுதானே 57 வருடத்துக்குப் பிறகு கிண்ணம் எடுத்தோம்? இப்போது ஜக்சனை விடப் பெரிய ரக் வந்திருக்கிறார், பிறகென்ன?

நான் சொன்னது: ஜக்சன் ரக் எண்டதால இல்லை அத்தான், ரக் இல்லாத நேரத்தில அவர் செய்ததாலதான். வட்டத்துக்கு வெளியே வந்தால் அவர் குட்டைப் பெடியனைப் போல நிலத்தில் பந்து பொறுக்குவார். கோனும் அப்படித்தான், ஃபோவேர்ட் பக்கம் போனால் பயப்பட வைப்பார். 2021இல் இறுதி ஆட்டத்துக்கு முந்தின பிறிலிமினறி ஃபைனலில் ஜீலோங்குக்கு எதிராக ஐந்து கோல். ஐந்து! யார் எங்கே நிற்கிறார் என்று எதிரணி கணக்குப் போட முடியாமல் திணறியது. இப்போது கோன் வட்டத்தில் நின்றால் கிரண்டி முன்னால் போய் நிற்கிறார். எதிரணி டிஃபென்டர் அவரை விட்டுவிட்டு மற்றவருக்கு வரும் பந்துக்குப் போய்விடுகிறார்.

"நல்லூர்த் திருவிழாவில ரெண்டு தவில் நிக்கேல்லையோ? ஒண்டுக்கு ஒண்டு தூக்கிக் குடுக்கும்" என்றார் அத்தான்.

"அங்க ரெண்டும் சேர்ந்து அடிக்கலாம் அத்தான். இங்க மூன்றாம் ஆள் எழும்பினா 2017இல இருந்து ஃப்றீ கிக். ஒரு பக்கத்துக்கு ஒருத்தர்தான்."

அக்கா வந்து, குழம்பு ஆறுது என்றா.

ஜூன் 13, செவ்வாய்

அரசர் பிறந்தநாள் ஆட்டம். கோச்மார், பிரபலங்கள் எல்லாரும் ஐஸ் தண்ணீரில் சறுக்கி விழும் நாள். நரம்பு நோய் ஆராய்ச்சிக்காக நீல் டனிகர் தொடங்கிய நிதி சேர்ப்பு. வருடா வருடம் அதைப் பார்க்கவே நேரத்தோடு போவேன்.

மெல்பேர்ண் 8.18, 66 (கோலுக்கு 6 புள்ளி, பிஹைன்டுக்கு 1). கொலிங்வூட் 9.8, 62. வென்றோம். மச்சானுக்கு உடனே ஒரு மெசேஜ் தட்டிவிட்டேன். பதில் வரவில்லை.

ஆனால் அந்த 18 பிஹைன்டைப் பாருங்கள். எட்டுக் கோல் அடிக்கப் பதினெட்டுத் தரம் பக்கத்துக் கம்பத்துக்குள் விட்டிருக்கிறோம். வட்டத்தில் வெல்வதில் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. பந்து முன்னால் போன பிறகுதான் எல்லாம் நாறுகிறது. இரண்டாம் ரக்கை வைத்திருப்பதென்றால், முன் வரிசையில் கோல் அடிக்கக்கூடிய ஒருவரின் கதிரையில் அவரை இருத்துகிறோம் என்று அர்த்தம். ரக் தெரிவு என்று எல்லாரும் பேசுகிறார்கள். எனக்குப் பட்டது, இது ஃபோவேர்ட் தெரிவு.

ஜூலை 3, திங்கள்

அலிஸ் ஸ்பிறிங்ஸில் மேற்கு சிட்னி அணி ஜீடபிள்யூஎஸிடம் 2 புள்ளித் தோல்வி. எழுத மனமில்லை.

ஜூலை 14, வெள்ளி

இறக்கிவிட்டார்கள். இன்றைய பிறிஸ்பன் ஆட்டத்துக்குக் கிரண்டி இல்லை. கீழ் லீக்கான விஎஃப்எல்லில் எங்கள் ரிசேர்வ் அணி கேசிக்கு ஆடி முன் வரிசை வேலை பழகட்டுமாம்.

கிழமைதோறும் வியாழன் பின்னேரம் அணி விபரம் போனில் வரும். பின் வரிசையில் இருந்து கீழே வாசித்துக்கொண்டே வந்தால் "ஃபொலோவர்ஸ்" என்ற வரியில் முதல் பெயர் ரக். கோன். அதற்குக் கீழே இன்டர்சேஞ்சில் நாலு பேர், பிறகு சப். கிரண்டி எங்கேயும் இல்லை. அத்தான் எடுத்த எடுப்பில், "விசரனுகள்" என்றார். அவர் சொல்வதிலும் ஞாயம் உண்டு. இரண்டு தரம் ஓல்-ஒஸ்ட்ரேலியன் ஆனவர், கோன் இல்லாத கிழமைகளில் அணியைத் தாங்கியவர், இப்போது ரிசேர்வில். மனிதருக்கு எப்படி இருக்கும்?

ஆனால் கோச் குட்வின் இடத்தில் இருந்து யோசித்துப் பார்த்தேன். களத்தில் 18 பேர், பெஞ்சில் நாலு பேர், முழு ஆட்டத்துக்கும் 75 மாற்றம்தான். 2021க்கு முன் 90 இருந்தது. ஓட்டக்காரரை அடிக்கடி இறக்கி ஏற்றவே அந்த 75 போதாது. அதற்குள் மெதுவாக ஓடும் இரண்டு உயர மனிதர் இருந்தால், மற்ற எல்லாரும் கூடுதலாக ஓட வேண்டும். ஒரு ரக் என்றால் கோனுக்கு மூச்சு வாங்கும் நேரத்தில் முன் வரிசைப் பெடியன் ஒருவன் வட்டத்துக்குப் போய்க் கொஞ்ச நேரம் இடிபட்டுச் சமாளிக்க வேண்டும். அந்தக் கொஞ்ச நேரத்தை இழக்கலாம். மிச்ச நேரம் முழுக்க ஒரு ஃபோவேர்ட் கூடுதலாகக் கிடைக்கிறாரே.

இரவு பத்தரை: 1 புள்ளியால் வென்றோம். மெல்க்சம் கடைசியில் அடித்த கோல். இதை வைத்து நான் சொன்னது சரி என்று வாதாட மாட்டேன், 1 புள்ளி வெற்றியால் எதையும் நிறுவ முடியாது. அத்தானிடம் மட்டும் வாதாடினேன்.

ஆகஸ்ட் 8, செவ்வாய்

ஹரிசன் பெட்டிக்குப் பாதத்தில் காயம். ரிச்மண்டுக்கு எதிராக ஆறு கோல் அடித்து, அப்பாடா ஒரு உயரமான ஃபோவேர்ட் கிடைத்தார் என்று நாங்கள் மூச்சுவிட்ட அடுத்த ஆட்டத்திலேயே. ஒரு ரக் திட்டம் அந்த ஆறு கோலில்தான் நின்றது. இப்போது பேப்பர், றேடியோ எல்லாம் திரும்பக் "கிரண்டியைக் கூப்பிடு" பல்லவி.

செப்டம்பர் 8, வெள்ளி

கொலிங்வூட் 60, மெல்பேர்ண் 53. முதல் ஃபைனல் போய்விட்டது. தொடக்கத்திலேயே பிறேஷோ தலையில் அடிபட்டு ஸ்றெச்சரில் போனதைப் பற்றி இங்கே எழுத விரும்பவில்லை, அது வேறு கோபம்.

முன் ஐம்பதுக்குள் (எதிரணிக் கோலுக்கு முன்னால் உள்ள 50 மீற்றர்) பந்து போன கணக்கு: நாங்கள் 69, அவர்கள் 37. திரும்பவும் வாசியுங்கள். 32 தரம் கூடுதலாகக் கொண்டுபோய், ஏழு கோல். மற்றப் பக்கம் டாசி கமறனும் 211 சென்ரிமீற்றர் மேசன் கொக்ஸும், இரண்டு ரக்.

மச்சான் இம்முறை மெசேஜ் போடவில்லை, நேரே வீட்டுக்கே வந்தான். "எங்கட ரெண்டும் கிரண்டியின்ர கால் தூசுக்கு வராது எண்டு மார்ச்சில சொன்னனீ" என்றான். சொன்னேன்தான். ஆள் தரத்தில் இப்போதும் அதுதான் என் எண்ணம். ஆனால் கொக்ஸ் முதலில் ஃபோவேர்ட், பிறகுதான் ரக். 2018 பிறிலிமினறி ஃபைனலில் ரிச்மண்டை மூன்று கோலோடு வீட்டுக்கு அனுப்பியவர். அவர் முன்னால் போய் நின்றால் டிஃபென்டர் அசைய மாட்டார். விட்டுப் போகப் பயம். அந்தப் பயத்தைத்தான் கிரண்டியால் எங்களுக்கு உண்டாக்கித் தர முடியவில்லை.

செப்டம்பர் 14, வியாழன்

நாளைய கார்ல்டன் ஆட்டத்துக்கு அணி வந்துவிட்டது. ஃபோவேர்ட் வான் ரூயனுக்குத் தடை, பெட்டி காயம், மெல்க்சமுக்கு முழங்கால், பிறேஷோ இல்லை. முன் வரிசையில் ஆளே இல்லாத கிழமை. ஆறேகாலில் இருந்து போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். இன்றைக்கும் கிரண்டி இல்லை.

இதில் மட்டும் நான் அத்தான் பக்கம். ஃபோவேர்ட் இருக்கும்போது இரண்டாம் ரக் வேண்டாம் என்பது ஞாயம். ஃபோவேர்டே இல்லாதபோது கிரண்டியை வட்டத்தில் விட்டுக் கோனை முன்னால் அனுப்பினால் என்ன குறைந்துவிடும்? ஐந்து கோல் அடித்த கை அது. வருடம் முழுக்கக் கிரண்டி முன்னால் சரிவருவாரா என்றுதான் பார்த்தார்கள். கோனை முன்னால் நிறுத்திக் கிரண்டியை அவருடைய இடத்திலேயே வைப்பதைத் தொடர்ந்து நாலு கிழமை செய்து பார்த்திருக்கலாம். உலகத்திலேயே நல்ல ரக்கை ரக் வேலையில் இருந்து விலக்குவதா என்று தயங்கியிருப்பார்கள். விளங்குகிறது, ஆனால் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

செப்டம்பர் 16, சனி

கார்ல்டன் 11.7, 73. மெல்பேர்ண் 9.17, 71. கடைசி நிமிடத்தில் கார்ல்டனின் பிளேக் ஏக்கர்ஸ் அடித்த கோல். பதினேழு பிஹைன்ட்.

ஒக்டோபர் 1, ஞாயிறு

கொலிங்வூட் கிண்ணம் எடுத்துவிட்டது, பிறிஸ்பனை 4 புள்ளியால். கமறனும் கொக்ஸும் இருவருமே களத்தில். ஆக, கிரண்டியைச் சம்பளத்தோடு அனுப்பிவிட்டு, அவரைவிடக் குறைந்த இரண்டு ரக்கோடு கிண்ணம். மச்சான் விடியக் காலமை கறுப்பு வெள்ளை ஜேர்சியோடு கதவைத் தட்டினான். தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன், என்ன செய்வது.

ஒக்டோபர் 20, வெள்ளி

கிளப்புகள் ஆட்களை மாற்றிக்கொள்ளும் ட்ரேட் காலம் முடிந்தது. கிரண்டி சிட்னிக்கு. அங்கே ஹிக்கி ஓய்வு பெற்றுவிட்டார். முதல் ரக் கதிரை வெறுமையாக இருக்கிறது, பங்கு போட யாரும் இல்லை. நல்லாக ஆடுவார் என்றுதான் நினைக்கிறேன்.

இனி எங்களுக்கு: கோனுக்கு டிசம்பரில் 32 வயது. மூச்சு வாங்கும்போது வட்டத்துக்குப் போவது யார்? நான் வான் ரூயன் என்கிறேன், இடிபடப் பயமில்லாத பெடியன், மிச்ச நேரம் கோல் அடிப்பான். இருபது வயதுப் பெடியனை ரக்கில் விட்டு முதுகை முறிக்கப் போறியளோ என்று அத்தான் ஏசுகிறார். ஞாயிற்றுக்கிழமை திரும்பச் சாப்பாட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறார்.