நெஞ்சுக்கு பைபாஸ், ரணமெல்லாம் காலில்

அப்பாவுக்கு பைபாஸ் முடிந்து மூன்று மாதம் ஆகிறது. பார்க்க வருகிறவர்கள் நெஞ்சைப் பற்றி விசாரித்தால், அவர் வேட்டியை விலக்கி இடது காலைக் காட்டுகிறார். அவர் மேல் தப்பில்லை. எங்களைப் படுத்தி எடுத்தது அந்தக் கால்தான்.

ஆஞ்சியோ, மூன்று அடைப்பு, ரத்தத்துக்கு ஆள் பிடித்தது எல்லாம் வழக்கம்போல. சிக்கல் ஆரம்பித்தது முந்தின நாள் மாலை, பில்லிங் கவுண்டரில். எஸ்டிமேட் தாளில் ஐசியூ இருந்தது, மருந்து இருந்தது, காலைப் பற்றி ஒரு வரி இல்லை. உதவி மருத்துவர் ஒருவர் போகிற போக்கில், "கால் நரம்பை கேமரா வைத்தும் எடுக்கலாம். முழங்கால் பக்கம் சின்ன வெட்டுதான். அதற்கான கருவி கிட்டுக்குத் தனியாக 45,000 ஆகும்" என்றார். (ஊரே நரம்பு என்கிறது, உண்மையில் அது ரத்தக்குழாய். காலிலிருந்து எடுக்கும் அதைத்தான் அடைப்பைச் சுற்றி ரத்தம் போக மாற்றுப் பாதையாக இதயத்தில் தைக்கிறார்கள்.) இன்சூரன்ஸ் தருமா என்று கவுண்டரில் கேட்டேன்.

"பேக்கேஜில் வராது சார். கையிலிருந்துதான் கட்டணும்."

திரையிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. கம்பெனிக்கு ஒரு மெயில் போட்டுக் கேளுங்களேன் என்றதற்கு, இனி நேரமில்லை என்று பதில். கூட வந்த சித்தப்பா வேறு, "கேமரா விட்டு இழுத்தால் குழாய் கெட்டுப்போகுமாம்" என்றார். சரி, பழைய முறையிலேயே ஆகட்டும் என்று கையெழுத்துப் போட்டேன்.

கணுக்காலிலிருந்து தொடை வரை நீள வெட்டு. நெஞ்சுத் தையல் சமர்த்தாக ஆறியது. 11ஆம் நாள் முழங்காலுக்குக் கீழே தையல் விட்டு நீர் கசிந்தது. 18 வருஷச் சர்க்கரை உடம்பு. பஞ்சை எடுக்கும்போது உள்ளே கொழுப்பு மஞ்சளாகத் தெரியும். அப்பா மின்விசிறியையே பார்த்துக்கொண்டு படுத்திருப்பார். ஒன்றுவிட்டு ஒரு நாள் டிரெஸ்ஸிங், ஆன்டிபயாடிக், மறுபடி மூன்று நாள் அட்மிஷன். எல்லாம் சேர்த்து 37,200 ரூபாய்.

டிஸ்சார்ஜுக்குப் பிறகு 60 நாள் செலவை எங்கள் பாலிசி தரும். பில்களை அனுப்பினேன், திருப்பி அனுப்பிவிட்டார்கள். டிரெஸ்ஸிங் பில்லோடு டாக்டர் சீட்டு இல்லையாம். உசிலம்பட்டியிலிருந்து மதுரைக்கு பஸ் ஏறிப் போனால் சர்ஜன் லீவு. அடுத்த வாரம் மறுபடி போனேன். மனிதர் நல்லவர், இரண்டு வரி எழுதி, தேதி போட்டு, சீல் வைத்துக் கொடுத்தார். 26,800 திரும்ப வந்தது. அன்றைக்கு வீட்டில் கேசரி.

அவரிடமே சித்தப்பாவின் சந்தேகத்தையும் கேட்டேன். 2009இல் அப்படி ஓர் ஆய்வு வந்து பலரைத் தயங்க வைத்தது உண்மைதானாம். பிறகு 2019இல் ரீகுரூப் என்ற ஆய்வு வெளியானது. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான 16 மருத்துவமனைகளில் 1,150 பேர். மூன்று வருஷத்துக்குச் சற்றுக் குறைவாகக் கவனித்ததில் மரணம், மாரடைப்பு, மறுசிகிச்சை எல்லாம் சேர்த்துப் பார்த்தாலும் இரண்டு முறைக்கும் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. கால் புண்ணில் தொற்று மட்டும் நீளமாக வெட்டும் திறந்த முறையில் 3.1 சதவீதம், கேமரா முறையில் 1.4. ஆனால் அங்கே குழாயை எடுத்தவர்கள் ஆளுக்கு 100 கேஸுக்கு மேல் செய்த கைகள். ஆகவே கிட் விலையைக் கேட்பதோடு நிற்காமல், எடுக்கப்போவது யார், இதுவரை எத்தனை எடுத்திருக்கிறார் என்றும் கேளுங்கள்.

பஸ்ஸில் திரும்பும்போது கணக்குப் போட்டேன். 100 பேருக்குக் கிட் வாங்கினால் 45 லட்சம். தப்பிப்பது ஒன்றிரண்டு தொற்று. பேக்கேஜ் போடுகிறவனுக்கு இது கட்டாது, எனக்கே புரிகிறது. எங்கள் கதையிலும் ரூபாயை மட்டும் பார்த்தால் கிட் வாங்காததுதான் லாபம். என்னுடைய 19 நாள் லீவும் அம்மா தூங்காத ராத்திரிகளும் எந்த பில்லிலும் ஏறவில்லை, அவ்வளவுதான். சர்க்கரை, உடல் பருமன், காலில் ரத்த ஓட்டக் குறைவு இருப்பவர்களுக்குப் புண் ஆறுவது சிரமம் என்பது எல்லா டாக்டருக்கும் தெரியும். அதை எஸ்டிமேட் போடும் அன்றே சொல்லியிருந்தால், இன்சூரன்ஸிடம் எழுத்தில் கேட்க இரண்டு நாளாவது கிடைத்திருக்கும்.

அப்புறம், டிஸ்சார்ஜ் அன்றே டிரெஸ்ஸிங்குக்கு டாக்டர் சீட்டு வாங்கிவிடுங்கள். அந்த இரண்டு வரிக்காக நான் 160 கிலோமீட்டர் அலைந்தேன்.