காதில் விசில்

தருமபுரி பஸ் ஸ்டாண்டில் இன்று ஒரு குழந்தையின் காதிலிருந்து விசில் சத்தம். "யாரு போனுப்பா அது?" என்று கண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.

"காது மெஷின்ங்ணா" என்றார் அம்மா.

மெஷினைக் காதுக்குள் பொருத்தும் காது அச்சு தளர்ந்திருந்தது. குழந்தை வளர வளரக் காதும் வளர்கிறது, அச்சு மட்டும் அப்படியே நிற்கிறது. இடுக்கில் கசியும் ஒலி மறுபடி மைக்குக்குள் போனால் மெஷின் இப்படித்தான் கத்தும். சின்னப் பிள்ளைகளுக்குச் சில மாதங்களுக்கு ஒருமுறை புது அச்சு எடுக்க வேண்டும். மெஷின் கொடுத்தபோது போட்டோ எடுத்தார்களாம், இதைச் சொல்லவில்லையாம்.

"எல்லாரும் திரும்பிப் பாக்கறாங்கக்கா. அதான் வெளிய வந்தா கழட்டிடறது."

கழட்டினால் பிள்ளைக்கு உலகம் மறுபடி மௌனம்.

பிறந்த 1 மாதத்துக்குள் காது கேட்கும் பரிசோதனை, 3 மாதத்துக்குள் குறையை உறுதிசெய்தல், 6 மாதத்துக்குள் மெஷின், பயிற்சி என்று தொடங்கிவிடுதல். பல நாடுகளில் இதுதான் இலக்கு. பாலக்கோடு பக்கத்துக் கிராமத்திலிருந்து பார்த்தால் கணக்கே வேறு. காது நரம்பு ஒலிக்கு எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கும் பெரா டெஸ்ட் ஒரு நாள், மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு ஒரு நாள், பேச்சுப் பயிற்சி இன்னொரு நாள். அப்பா பெங்களூரில் கட்டட வேலை. ஒவ்வொரு நாளும் அம்மாவின் ஒரு நாள் கூலி.

எல்லாவற்றையும் ஒரே காலையில் கோக்க முடிந்தால் பாதிப் பேர் நடுவில் விட்டுவிட மாட்டார்கள் என்பது என் எண்ணம். ஒருங்கிணைப்பாளர் என்ற என் வேலையின் பெரிய பெயருக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் போன் பேசுவதுதான்.

செவ்வாய்க்கிழமைக்கு அச்சு எடுப்பவர் சரி என்றுவிட்டார். பயிற்சியாளர் லைன் இன்னும் பிஸி.