பிள்ளை பெற்ற பின் எந்த நாப்கின்?

பிள்ளை பெற்றவளுக்கு நாப்கின் வாங்க எங்கள் மருந்துக்கடைக்கு வருகிறவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "இருக்கிறதிலேயே நல்லா உறிஞ்சுறது எது?" வருகிறவர் அநேகமாகக் கணவராகவோ பெண்ணின் தகப்பனாராகவோ இருப்பார், குரலைத் தாழ்த்திக் கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் செய்தித்தாளில் சுற்றித் தரச் சொல்வார். (2019-இல் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வரும்வரை அந்த வேலையைக் கறுப்புப் பை செய்துகொண்டிருந்தது.) உறிஞ்சுவது வேண்டியதுதான். ஆனால் பிரசவம் முடிந்த முதல் வாரத்தில், எவ்வளவு உதிரம் போகிறது, என்ன நிறத்தில் போகிறது, கட்டி விழுகிறதா என்பதைப் பெற்றவளுக்கும் அவள் பக்கத்தில் இருப்பவர்களுக்கும் காட்டிக்கொடுப்பது அந்த நாப்கினின் முதல் வேலை என்பது என் எண்ணம். காரைக்குடியில் மதிய நேரங்களில் கடையைப் பார்த்துக்கொள்பவள் என்ற முறையிலும், இரண்டு பிள்ளை பெற்றவள் என்ற முறையிலும், அண்மையில் நாத்தனாரின் தலைப்பிரசவத்துக்கு எல்லாவற்றையும் எடுத்து வைத்தவள் என்ற முறையிலும் இதை எழுதுகிறேன்.

பத்து மாதம் வராமல் இருந்த மாதவிலக்குதான் மொத்தமாகச் சேர்ந்து வருகிறது என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. உண்மையில் இந்த உதிரம் ஒரு புண்ணிலிருந்து வருகிறது. நஞ்சுக்கொடி கர்ப்பப்பையின் உட்சுவரை விட்டுப் பிரிந்ததும், அது ஒட்டியிருந்த இடத்திலிருந்த இரத்தக் குழாய்கள் திறந்துகொள்கின்றன. கர்ப்பப்பை இறுகிச் சுருங்கச் சுருங்க அவை நெரிபட்டு மூடுகின்றன. குழந்தை பால் குடிக்கும்போது அடிவயிற்றைப் பிடித்திழுத்துக்கொண்டு உதிரம் கூடுதலாக வருவதும் இதனால்தான். பாலூட்டும்போது சுரக்கும் ஆக்சிடோசின் கர்ப்பப்பையைச் சுருக்குகிறது. சிசேரியன் ஆனவர்களுக்கும் நஞ்சு ஒட்டியிருந்த புண் உள்ளேதான் இருக்கிறது என்பதால், அளவில் சற்றுக் குறைந்தாலும் அவர்களுக்கும் இந்தப் போக்கு உண்டு. ஆபரேஷன்தானே, நாப்கின் எதற்கு என்று கேட்டுவிட்டு வெறுங்கையோடு போனவர்கள் அன்று மாலையே திரும்பி வந்ததைக் கடையில் பார்த்திருக்கிறேன்.

முதல் மூன்று நான்கு நாள் நல்ல சிவப்பாக, சிறு கட்டிகளோடு வரும். பத்து நாள் ஆகும்போது இளஞ்சிவப்பும் பழுப்புமாக வெளுத்து, பிறகு மஞ்சளாக, வெள்ளையாக மாறி, நான்கிலிருந்து ஆறு வாரத்துக்குள் நின்றுவிடும். இந்த மூன்று நிலைக்கும் ஒரே நாப்கின் பொருந்தாது. ஆகவே ஆறு வாரத்துக்கும் சேர்த்து ஒரே வகையில் பெட்டி பெட்டியாக வாங்கி அடுக்குவதை நான் யாருக்கும் சொல்வதில்லை.

முதல் சில நாள்களுக்கு வேண்டியது தடிமனான, நீளமான, மேலே பஞ்சுபோல் மெத்தென்றிருக்கும் பிரசவ நாப்கின். கடையில் மெட்டர்னிட்டி பேட் என்று கேட்டால் கிடைக்கும். சாதாரண நாப்கின் 240 மில்லிமீட்டர் அளவில் இருக்க, இது 300-ஐத் தாண்டி நீளும். படுத்தே இருப்பவளுக்கு உதிரம் பின்பக்கம்தான் ஓடும் என்பதால் அந்த நீளம் அவசியம். இதில் இடுப்பில் நாடாவோ எலாஸ்டிக்கோ கட்டி மாட்டுகிற பழைய வகை இன்னும் விற்கிறது. பழைய காலத்துப் பொருள் என்று பலர் ஒதுக்கினாலும், தையல் போட்ட வலியில் உள்ளாடையைக் காலில் ஏற்ற முடியாத முதல் நாளில் அதைப்போல் உதவியானது வேறில்லை. அரசு மருத்துவமனையில் பிரசவமானவர்களுக்கு, 2012-இல் தொடங்கிய புதுயுகம் திட்டத்தின் கீழ் நாப்கின் இலவசமாகவே தருகிறார்கள். தருவதை வாங்கிப் பயன்படுத்தாமல், வெளியே விலை கூடிய மெல்லிய நாப்கினைத் தேடி ஓடுவதில் பயன் ஒன்றும் இல்லை.

மெல்லிய நாப்கின் மேல் எனக்குள்ள சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள ஒரு நாள் கடையின் பின்னறையில் உட்கார்ந்து இரண்டு வகையையும் பிரித்துப் பார்த்தேன். மெல்லியதைக் கத்தரித்தால் உள்ளே பஞ்சோடு சர்க்கரை போன்ற சிறு மணிகள் உதிர்ந்தன. சோடியம் பாலியாக்ரிலேட் என்கிற உறிஞ்சுபொருள் அது. ஈரம் பட்டதும் ஊதிக் கூழாகி, நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பிள்ளைக்குப் பால் புகட்டும் பாலாடையில் தண்ணீர் எடுத்து ஊற்றினேன். விளம்பரத்தில் நீலத் தண்ணீர் மறைவது போலவே கண்முன் மறைந்தது. அடுத்ததாகச் சோற்றுக் கஞ்சியை, அடியில் திரண்டிருந்த பருக்கையோடு சேர்த்து ஊற்றினேன். தெளிவு இறங்கியது, கொழுத்த பாகம் மேலேயே தேங்கி, ஓரத்தை நோக்கி வழியத் தொடங்கியது. தடித்த பஞ்சு நாப்கினிலோ கஞ்சி மெதுவாக இறங்கியது என்றாலும், எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பது மேலிருந்தும் அடியிலிருந்தும் ஒன்றுபோலத் தெரிந்தது. பிரசவ உதிரம் தண்ணீரைவிடக் கஞ்சிக்குத்தான் நெருக்கமானது. தண்ணீராக இருப்பதை எல்லாம் உள்ளே இழுத்து, மேற்பரப்பை உலர்வாகக் காட்டுவது மெல்லிய நாப்கினின் திறமை. அலுவலகம் போகிற பெண்ணுக்கு மாதவிலக்கு நாளில் அது பெரிய வரம். பச்சை உடம்புக்காரிக்கு, போகிற அளவை மறைத்துவிடுகிற குறை அது.

அடுத்ததாகப் பார்க்க வேண்டியது நாப்கினில் உடம்பைத் தொடுகிற மேல்விரிப்பு. சல்லடை போல் துளையிட்ட பிளாஸ்டிக் விரிப்பு ஒரு வகை, பருத்தி போன்ற மிருதுவான விரிப்பு இன்னொரு வகை. ஒரே நிறுவனம் ஒரே பெயரில் இரண்டையும் விற்கும். ஸ்டேஃப்ரீ செக்யூரிலேயே டிரை என்றும் காட்டனி என்றும் தனித்தனி உண்டு. உறையைக் கவனிக்காமல் எடுத்தால் மாறிப்போகும். கீழே தையல் போட்டிருக்கும்போது பிளாஸ்டிக் வலை தையல் நூலில் சிக்கி, எழும்போதும் உட்காரும்போதும் உராயும். எங்கள் ஊர்ச் சித்திரை வெயிலில் வியர்வையும் சேர்ந்தால் தொடையிடுக்கெல்லாம் வெந்து சிவந்துவிடும். ஆகவே தையல் ஆறும்வரை பருத்தி விரிப்புத்தான். மணம் சேர்த்த நாப்கின் எந்த நிலையிலும் வேண்டாம். அந்த மணமூட்டி புண்ணில் எரிச்சல் தரும் என்பதோடு, உதிரத்தில் கெட்ட வாடை அடித்தால் அதையும் மூடிவிடும். கெட்ட வாடை கர்ப்பப்பையில் கிருமி சேர்ந்திருப்பதற்கு அடையாளம் என்பதால் அது மூக்குக்கு எட்டியே ஆக வேண்டும்.

சிசேரியன் ஆனவர்களுக்குக் கீழே தையல் இல்லாவிட்டாலும் உள்ளாடையின் எலாஸ்டிக் சரியாக வயிற்றுத் தையலின் மேல் வந்து உட்காரும். தொப்புளுக்கு மேலே ஏறுகிற பெரிய பருத்தி உள்ளாடை இரண்டு அளவு கூட்டி வாங்கினால் போதும். இப்போது ஜட்டி வடிவிலேயே வரும் நாப்கினும் கிடைக்கிறது. மருத்துவமனையிலிருந்து தேவகோட்டைக்கோ புதுவயலுக்கோ காரில் போகும்போதும் முதல் ஓரிரு இரவுகளிலும் வசதியானது. பகலெல்லாம் போட்டுக்கொண்டிருந்தால் புழுங்கும்; விலையும் கூடுதல்.

எங்கள் வீட்டு அப்பத்தாவுக்கு இதில் எதுவுமே சம்மதமில்லை. பழைய கண்டாங்கிச் சேலையும், தாத்தாவின் எட்டு முழ வேட்டியும் கிழித்து, துவைத்து, மடித்துத் தயாராக வைத்திருந்தார்.

"என்னத்தா இது, காகிதத்தக் கட்டிக்கிட்டு புள்ள எப்படிப் படுத்திருப்பா?" என்றார்.

"காகிதம் இல்ல அப்பத்தா, உள்ள பஞ்சுதான். தொட்டுப் பாருங்க."

தொட்டுப் பார்த்தார். "பஞ்சுன்னா சரி. ஆனா அலசிப் பாக்காம எப்படித் தெரியும், எம்புட்டுப் போகுதுன்னு?"

அப்பத்தா கேட்டது சரியான கேள்வி. துணி உடுத்திய காலத்தில் ஒவ்வொரு முறையும் யாராவது ஒருத்தி அதை அலசினாள்; அலசியவளுக்கு அளவும் நிறமும் வாடையும் தெரிந்திருந்தன. நனைந்து உதறி நைந்த பருத்தியைவிட மெத்தென்ற பொருள் எந்தக் கடையிலும் கிடையாது என்பதும் உண்மை. துணி கெட்டுப்போவது காய்கிற இடத்தில். எங்கள் பக்கத்துப் பெரிய வீடுகளில் வளவின் முற்றத்தில் வடகமும் வற்றலும் தாராளமாக வெயில் காயும். தீட்டுத்துணி மட்டும் பின்கட்டின் இருட்டு மூலையில், இன்னொரு சேலைக்கு அடியில், பாதி ஈரமாகவே கிடக்கும். சோப்புப் போட்டு அலசி, சுள்ளென்ற வெயிலில் மொறமொறவென்று காயவிட மனமிருக்கும் வீட்டில் துணியை நான் தடுக்க மாட்டேன். வெயிலில் போட வெட்கம் என்றால் நாப்கின்தான் பாதுகாப்பு. நாத்தனாருக்கு முதல் வாரம் பிரசவ நாப்கினும், தையல் ஆறிய பிறகு மாற்றி மாற்றிக் கொஞ்சம் அப்பத்தாவின் துணியுமாக ஓடியது. துணி மாடிக் கொடியில்தான் காய்ந்தது. அப்பத்தா இரண்டு நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

நாப்கின் முழுக்க நனையாவிட்டாலும் மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்றிவிட வேண்டும். அப்படிக் கணக்கிட்டால் முதல் நாள்களில் ஒரு நாளைக்கு ஆறிலிருந்து எட்டு வரை ஆகும். பத்து எண்ணம் உள்ள பிரசவ நாப்கின் இரண்டு மூன்று பாக்கெட், அடுத்த இரண்டு வாரத்துக்குப் பருத்தி விரிப்புள்ள எக்ஸ்எல் அளவில் சில, அதற்குப் பிறகு சாதாரண அளவு. இந்த வரிசையில் தேவைக்கேற்ப வாங்கிக்கொள்ளலாம். கடைசிக் கட்டத்துக்கு மக்கள் மருந்தகங்களில் ஒரு ரூபாய்க்குக் கிடைக்கும் சுவிதா நாப்கின் தாராளமாகப் போதும். நாப்கின் மீதிருந்த ஜிஎஸ்டி வரியும் 2018 ஜூலையிலேயே நீங்கிவிட்டது. உள்ளே வைக்கும் டாம்பனும், மாதவிடாய்க் கப்பும் ஆறு வாரம் முடிந்து மருத்துவர் பார்க்கும்வரை ஆகாது. ஆறாத புண்ணுக்கு அவை கிருமியைக் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

இனி அந்த நாப்கின் என்ன சொல்கிறது என்பதைப் படிக்க வேண்டும். படுத்திருந்தவள் எழுந்ததும் குபுக்கென்று வருவதைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. படுத்திருக்கையில் தேங்கியது எழுந்ததும் இறங்குகிறது, அவ்வளவுதான். ஆனால் தடித்த நாப்கின் ஒன்று ஒரு மணி நேரத்துக்குள் முழுவதும் நனைந்து, அடுத்த மணியும் அப்படியே போனால் அது வழக்கமான அளவை மீறிய போக்கு. எலுமிச்சை அளவுக்குக் கட்டி விழுந்தாலும், தலை சுற்றிக் கண் இருட்டினாலும், மார்பு படபடத்தாலும், காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டாலும் கஷாயம் வைத்துப் பார்க்கிற நேரம் அதுவல்ல. 108-ஐ அழைக்க வேண்டும். நனைந்த நாப்கினை நிறுத்து, புதியதன் எடையைக் கழித்தால், ஒரு கிராம் கூடுதலுக்கு ஒரு மில்லிலிட்டர் உதிரம் என்பது மருத்துவமனைகளில் உள்ள கணக்கு. 24 மணி நேரத்தில் 500 மில்லிலிட்டர் தாண்டினால் ஆபத்து என்று சொல்வார்கள். வீட்டில் தராசு தேவையில்லை. கழற்றியதைத் தூக்கி எறியும் முன் ஒரு முறை விரித்துப் பார்ப்பதும், சந்தேகமிருந்தால் மருத்துவமனைக்குப் போகும்போது அதையே ஒரு பையில் போட்டு எடுத்துப் போவதும் போதும். எத்தனை மாற்றினாய் என்று மருத்துவர் கேட்கும்போது விழிக்க வேண்டியிராது.

இங்கேதான் தனியறை வழக்கம் எனக்கு உறுத்துகிறது. பெற்றவளைத் தனி அறையில் படுக்கவைத்து, வேலை வாங்காமல், பத்தியச் சோறும் பூண்டுக் குழம்பும் வேளைக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது நல்ல வழக்கம். மற்ற வீடுகளில் கிடைக்காத ஓய்வு அது. ஆனால் தீட்டு என்று அவளுடைய கழிவை ஒருவரும் பாராமல், அவளே இருட்டில் சுருட்டிப் போட்டுவிடும்படி விட்டால், முதல் முறை பெற்றவளுக்கு எது வழக்கமான அளவு, எது மிகை என்பது எப்படித் தெரியும்? கேட்டால் பயந்துவிடுவாளோ என்று பெரியவர்கள் கேட்பதில்லை, சொன்னால் திட்டுவார்களோ என்று அவள் சொல்வதில்லை.

கழற்றியதைக் கழிப்பறையில் போடக் கூடாது. ஜெல் ஊதிக் குழாயை அடைத்துக்கொள்ளும், செப்டிக் தொட்டியிலும் கரையாது. காகிதத்தில் சுற்றி, மேலே சிவப்பாக ஒரு குறி போட்டு, மற்றக் குப்பையோடு கலக்காமல் தூய்மைப் பணியாளரிடம் தனியாகக் கொடுக்க வேண்டும். அவரும் கையால்தான் பிரிக்கிறார்.

இரண்டு மூன்று வாரத்தில் வெளுத்துப் பழுப்பாகிவிட்ட போக்கு திடீரென்று மறுபடியும் சிவப்பாக வந்தால், பெரும்பாலும் அவள் மாடிப்படி ஏறி இறங்கியிருப்பாள், அல்லது தண்ணீர்க் குடத்தைத் தூக்கியிருப்பாள். ஒரு நாள் படுத்துக்கொண்டால் அடங்கிவிடும். அடங்காமல் கூடிக்கொண்டே போனால் நஞ்சின் துண்டு உள்ளே தங்கியிருக்கக்கூடும் என்பதால், ஸ்கேன் எடுத்துப் பார்க்கச் சொல்வார்கள். ஆகவே மூன்றாம் வாரத்தில் சிறிய நாப்கினுக்கு மாறிய பிறகும், பிரசவ நாப்கினில் ஒரு பாக்கெட்டைப் பிரிக்காமல் அலமாரியில் வைத்திருங்கள். மிஞ்சினால் உறை பிரியாததை எங்கள் கடையில் திரும்ப வாங்கிக்கொள்கிறோம்.