பூங்காவில் சொன்ன பிழையான பதில்

கொழும்பு விகாரமகாதேவி பூங்காவில் சில காலம் பராமரிப்பு வேலைகளை மேற்பார்வை செய்தேன். பெயர்தான் மேற்பார்வை. காலையில் முதல் வேலை வாங்குகளைக் கழுவுவது. மரங்களில் தொங்கும் வௌவால்கள் இரவில் போட்டுவைத்ததை வெயில் ஏறுமுன் கழுவாவிட்டால் காய்ந்து பிடித்துவிடும். அப்புறம் குடையோடு வரும் காதல் சோடிகளுக்கு உட்கார இடமிருக்காது. அவர்கள் குடை பிடிப்பது மழைக்கோ வெயிலுக்கோ அல்ல என்பது கொழும்பில் எல்லாருக்கும் தெரியும்.

என்னோடு வேலை செய்த மூத்த தோட்டக்காரர் சிங்களவர். அவரை 'அய்யா' என்றுதான் கூப்பிடுவேன். சிங்களத்தில் அய்யா என்றால் அண்ணன். வீட்டில் அவரைப் பற்றிப் பேசியபோது அம்மா அவரை யாரோ பெரிய அதிகாரி என்று நினைத்துக்கொண்டார்.

அலவாங்கால் குழி தோண்டும்போது சில இடங்களில் பழைய செங்கல் துண்டுகள் வரும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இங்கே ராணுவம் தங்கியிருந்தது; பூங்காவைச் சீர்செய்து மறுபடி மக்களுக்குத் திறந்தது 1951இல். அதனால் எந்தச் செங்கல் வந்தாலும் "ஆமிக்காரன் விட்டுப்போனது" என்பார் அய்யா. எனக்கு அவ்வளவு நம்பிக்கையில்லை. ஆனாலும் வாதாடியதில்லை.

ஒருநாள் நூதனசாலை பார்க்க வந்த பாடசாலைப் பிள்ளைகள் இந்தப் பக்கமும் வந்தார்கள். ஒரு பையன் கேட்டான்: "அங்கிள், இது யாருடைய காணி?"

"அரசாங்கத்தின்ர" என்றேன், யோசிக்காமல்.

அய்யா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு சிரித்தார். சார்ள்ஸ் ஹென்றி டி சொய்சா நகரத்துக்குக் கொடுத்த காணி என்றார். அந்தப் பெயரை நான் கேள்விப்பட்டிருந்தேன், வேறு காரணத்துக்காக. 1870இல் இங்கிலாந்து இளவரசருக்குத் தங்கத் தட்டில் விருந்து வைத்தவர் என்று. கொழும்பில் 1879இல் திறந்த பிரசவ ஆஸ்பத்திரியும் அவர் கொடையே. தங்கத் தட்டுக் கதை ஊரெல்லாம் பரவியிருக்கிறது. காணிக் கதை அந்தக் காணியிலேயே சம்பளம் வாங்கிய எனக்குத் தெரியவில்லை. பூங்காவுக்கு முதலில் விக்டோரியா மகாராணியின் பெயர், பிறகு துட்டகைமுனு மன்னனின் தாயின் பெயர். கொடுத்தவர் பெயர் எந்தக் காலத்திலும் இல்லை.

அவருக்குச் சிலை இருக்கிறது, நடந்து போகும் தூரத்தில், கண் ஆஸ்பத்திரிப் பக்கத்துச் சுற்றுவட்டத்தில். வேலை முடிந்து அதைப் பார்க்கப் போனேன். மழை தொடங்கியதால் ஓட்டோவை மறித்து "டி சொய்சா சுற்றுவட்டம்" என்றேன். சாரதி திரும்பிப் பார்த்தார்.

"அது எங்க?"

கண் ஆஸ்பத்திரி என்று விளக்கினேன்.

"ஓ, லிப்டன்! ஏறுங்கோ."

தேயிலை விற்ற லிப்டன்தான். அடுத்த தடவை நானும் லிப்டன் என்றே சொன்னேன்.