எல்டிஎல் 176: தேங்காய் எண்ணெய் வீட்டில் ஒரு வருடம்

போன தை மாதம் எங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் ரத்தப் பரிசோதனை எடுத்தார்கள். எனக்கு வயது 43. நெஞ்சுவலியோ மூச்சிரைப்போ எதுவும் கிடையாது. மறுநாள் வந்த தாளில் மொத்தக் கொலஸ்ட்ரால் 262, 'கெட்ட' கொலஸ்ட்ரால் என்கிற எல்டிஎல் 176, 'நல்ல' கொலஸ்ட்ரால் என்கிற எச்டிஎல் 38, ரத்தத்தில் ஓடும் இன்னொரு கொழுப்பான ட்ரைகிளிசரைடு 240. அப்பாவுக்கு மாரடைப்பு வந்தது 52 வயதில். இன்னும் 9 வருடம் என்று மனம் தானாகவே கணக்குப் போட்டது.

மருத்துவர் முதலில் தைராய்டும் சர்க்கரையும் பார்க்கச் சொன்னார். தைராய்டு சுரப்பு குறைந்தாலும் எல்டிஎல் ஏறுமாம். அப்படி இருந்தால் சரிசெய்ய வேண்டியது அதைத்தான். எனக்கு இரண்டும் சரியாக இருந்தன. "மூணு மாசம் சாப்பாட்டையும் நடையையும் மாத்திப் பாருங்க. அப்பாவுக்கு வந்திருக்கிறதால ரொம்ப நாள் தள்ளிப்போட முடியாது" என்றார்.

நாங்கள் நாகர்கோவில்காரர்கள். தாளிக்க, பொரிக்க, அவியலின் மேலே ஊற்ற, எல்லாவற்றுக்கும் தேங்காய் எண்ணெய்தான். தீயலுக்கு வறுத்த தேங்காய், மீன்குழம்புக்கு அரைத்த தேங்காய், புட்டுக்குத் துருவிய தேங்காய். தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய 90 சதவீதம் நிறைகொழுப்பு (சாச்சுரேட்டட் ஃபேட்). நல்லெண்ணெயில் அது 15 சதவீத அளவுதான். நம் ரத்தத்தில் இருக்கும் கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியை ஈரலே உண்டாக்குகிறது. நிறைகொழுப்பு கூடினால், ரத்தத்திலிருந்து எல்டிஎல்லை ஈரல் திரும்ப இழுத்துக்கொள்வது குறைந்துவிடும். அதனால் 'கொலஸ்ட்ரால் இல்லாதது' என்று எண்ணெய் பாக்கெட்டில் போட்டிருப்பதைப் பார்த்து யாரும் நிம்மதியடைய வேண்டாம். செடியிலிருந்து வரும் எந்த எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் என்று சொல்லும்படி எதுவும் இருக்காது. உள்ளே எவ்வளவு நிறைகொழுப்பு என்பதுதான் கேள்வி.

அம்மாவிடம் இதைச் சொல்லிப் புரியவைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. "உங்க தாத்தா தொண்ணூறு வயசு வரைக்கும் இதைத்தான் சாப்பிட்டாவ, மக்ளே" என்றார். உண்மைதான். ஆனால் தாத்தா விடிகாலையில் வயலுக்குப் போனால் வெயில் ஏறித்தான் திரும்புவார். நான் ஒன்பது மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவன். கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். சமையலுக்கு நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும். அவியலுக்கு மட்டும் ஒரு டீஸ்பூன் தேங்காய் எண்ணெய். ஒரு நாளைக்கு ஒரு குழம்பில்தான் தேங்காய். பாட்டிலைத் திறக்கும் தேதியை அதன் மேலேயே பேனாவால் எழுதி வைத்தேன். நான்கு பேருக்கு மாதம் நான்கு லிட்டர் போய்க்கொண்டிருந்தது என்பது அப்போதுதான் தெரிந்தது. இப்போது இரண்டே கால் லிட்டர்.

ட்ரைகிளிசரைடு ஏறுவதற்கு வேறு காரணங்கள் இருந்தன. இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டு நாளைக்கு நான்கு டீ, மதியம் குவித்துப் போட்ட சோறு, விடுமுறை நாளில் மரச்சீனிக் கிழங்கு, சாயங்காலம் பேக்கரி பஃப்ஸ் அல்லது ஏத்தங்காய் சிப்ஸ். வனஸ்பதி போன்றவற்றில் இருக்கும் டிரான்ஸ் கொழுப்புக்கு நம் நாட்டில் 2022 முதல் 2 சதவீதம் என்று வரம்பு வந்துவிட்டது, சரி. ஆனாலும் பஃப்ஸை அடுக்கடுக்காகப் பிரிய வைப்பது கெட்டிக் கொழுப்புதானே. அதை அறவே விட்டேன். டீயில் சர்க்கரையை மூன்று வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினேன். சோறு பாதியாகி, அந்த இடத்தில் பயறும் கீரையும் அவரையும் வந்தன. மீன் மாறவில்லை, பொரிப்பது மட்டும் நின்றது. வாரம் மூன்று நாள் சாளையோ அயிலையோ குழம்பாகவே சாப்பிட்டேன்.

காலையில் பார்வதிபுரம் பக்கம் 45 நிமிடம் நடை, வாரம் ஐந்து நாள். பேச முடிய வேண்டும், ஆனால் பாட்டுப் பாட முடியக் கூடாது, அந்த வேகம். எங்கள் ஊரில் ஆனி மழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. அந்த நாட்களில் அலுவலக மாடிப்படிதான். எடை 81 கிலோவிலிருந்து 75-க்கு வந்தது.

அடுத்தது மாத்திரை டப்பாக்கள். நண்பர் ஒருவர் சொன்னதை நம்பி மீன் எண்ணெய் கேப்சூல் வாங்கினேன். முன்பக்கம் பெரிதாக 1000 மி.கி. என்று இருந்தது. பின்பக்கம் பொடி எழுத்தில் ஒமேகா 3 கொழுப்புகளான இபிஏ 180, டிஎச்ஏ 120. ஆக, உடம்புக்கு வேண்டிய ஒமேகா 3 வெறும் 300 மி.கி. ட்ரைகிளிசரைடைக் குறைக்க மருத்துவர்கள் கொடுப்பது நாளைக்கு 2 முதல் 4 கிராம். ஒன்றிரண்டு கேப்சூலில் அது நடக்காது, எல்டிஎல் இறங்குவதற்கும் அது மருந்தில்லை. அந்தக் காசுக்குச் சாளை வாங்கியிருக்கலாம்.

'இயற்கை' என்று விற்கும் சிவப்பு ஈஸ்ட் அரிசி மாத்திரையைத் தொடவே வேண்டாம் என்றார் மருத்துவர். அதில் இருக்கும் மொனகோலின் கே என்பதும் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் லோவாஸ்டாடின் மருந்தும் ஒரே பொருள். எந்த டப்பாவில் எவ்வளவு இருக்கும் என்பதற்கு நிச்சயமில்லை.

எனக்குப் பயன்பட்டது இசப்கோல் என்கிற விதை உமி. முதல் வாரம் ஒரு டீஸ்பூன், அப்புறம் இரண்டு வேளையாகப் பிரித்து நாளைக்கு 10 கிராம் வரை. தண்ணீரில் போட்டு, கொழகொழப்பாவதற்குள் குடித்துவிட்டு, மேலே இன்னொரு பெரிய டம்ளர் தண்ணீர். தண்ணீர் குறைந்தால் தொண்டையில் அடைக்கும். அந்தக் கொழகொழப்பு குடலில் பித்த அமிலத்தைப் பிடித்து வெளியே தள்ளும். புதிதாகப் பித்த அமிலம் செய்ய ஈரல் ரத்தத்திலுள்ள கொலஸ்ட்ராலை எடுத்துக்கொள்ளும். ஆரம்பத்தில் வயிறு உப்பியது, பத்து நாளில் சரியானது. வேறு மாத்திரை சாப்பிடுபவர்கள் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுவது நல்லது.

மூன்று மாதத்தில் ட்ரைகிளிசரைடு 158, எல்டிஎல் 149. இறங்கிக்கொண்டிருந்ததால் மருத்துவர் இன்னும் நான்கு மாதம் கொடுத்தார். ஏழாவது மாதம் ட்ரைகிளிசரைடு 130, எச்டிஎல் 43, எல்டிஎல் 134. அவ்வளவுக்குப் பிறகும் 134-லேயே நிற்கிறதே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. "நீங்க செய்ய வேண்டியதைச் செஞ்சாச்சு. மீதி உங்க ஈரலோட பிறவிக் குணம்" என்று சொல்லி, கொலஸ்ட்ராலைக் குறைக்கும் அடோர்வாஸ்டாடின் மாத்திரை 10 மி.கி. எழுதினார். அப்பாவை நினைத்துக்கொண்டு அன்று இரவே ஆரம்பித்தேன். இரண்டு மாதம் கழித்து எல்டிஎல் 84. நடையையும் இசப்கோலையும் நிறுத்தவில்லை. அவற்றை விட்டால் மாத்திரையின் அளவைக் கூட்ட வேண்டிவரும்.

போன வாரம் அம்மாவுக்கும் எடுத்துப் பார்த்தோம். 71 வயது, எல்டிஎல் 158. தாளை வாங்கிப் பார்த்தவர் எதுவும் பேசவில்லை. அன்று சாயங்காலம் புதிதாகத் திறந்த எண்ணெய் பாட்டிலில் தேதி எழுதியது அவர்தான். இனி பார்க்க வேண்டியது தம்பிக்கு. துபாயில் இருக்கிறான். லீவுக்கு ஊருக்கு வந்ததும் முதல் வேலையாக லேபுக்குக் கூட்டிப் போவதாகச் சொல்லி வைத்திருக்கிறேன்.